எண்ணிக்கை யாருக்காக?

(மயிலாடி வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிலை செதுக்கக் கல் வாங்கும் மயிலாடித் தோழர்கள், விற்பவன் சொன்ன அளவை நம்பிப் பணம் கொடுப்பதில்லை. தாமே அளந்து பார்க்கிறார்கள். பத்திரிகை வியாபாரத்திலும் இதே பிரச்சினைதான். விளம்பரக் கட்டணம் விற்பனையைப் பொறுத்தது. ஆகவே ஐயாயிரம் பிரதி விற்பவர் ஐம்பதாயிரம் என்று சொல்லத் துணிகிறார்.

இந்தப் பொய்யால் பணம் இழந்த விளம்பர முதலாளிகள் தற்காப்புத் தேடினர். 1914இல் அமெரிக்காவில் விற்பனைத் தணிக்கை அமைப்பு பிறந்தது. 1948இல் நம் நாட்டில் ஏ.பி.சி. என்ற அமைப்பு பம்பாயில் தொடங்கியது. விளம்பரக்காரர், விளம்பர ஏஜென்சிகள், பத்திரிகை அதிபர்கள் ஆகிய முத்தரப்பும் அதில் அங்கத்தினர். ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கு. வாங்கிய காகிதம் எவ்வளவு, அச்சிட்டது எவ்வளவு, ஏஜெண்டுகள் கட்டிய பணம் எவ்வளவு, விற்காமல் திரும்பியது எவ்வளவு என்று ஆடிட்டர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள். முன்னறிவிப்பின்றி அச்சகத்துக்கும் போகிறார்கள்.

இதை வரவேற்கிறோம். சர்க்கார் விளம்பரம் மக்களின் வரிப்பணம். பொய்க் கணக்குக் காட்டி அதைப் பெறுவது கொள்ளையே. ஆனால் ஏ.பி.சி.யில் சேருவது அவரவர் விருப்பம். சர்க்காருக்கும் பொறுப்பு உண்டு. 1956 முதல் பத்திரிகைப் பதிவாளர் இருந்தார். 2024 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் விற்பனையைச் சரிபார்க்க இடம் தருகிறது.

ஆனால் இந்தத் தணிக்கை எதை எண்ணுகிறது? எத்தனை பேர் வாங்கினர் என்பதை மட்டுமே. அச்சிட்டது உண்மையா என்பதை அல்ல. விற்பனை பெருகினால் விளம்பரம் பெருகும். விளம்பரம் பெருகினால் விலையைக் குறைத்துப் பக்கங்களைக் கூட்டலாம். சிறு பத்திரிகை நசுங்கும். இதைத் தடுக்க 1956இல் விலை-பக்கச் சட்டம் வந்தது. 1961இல் ‘சகாள்’ பத்திரிகை வழக்கில், அது பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானது என்று சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. சட்டம் போயிற்று, பண பலம் நின்றது.

பூதப்பாண்டி தந்த தோழர் ஜீவாவை ஆசிரியராகக் கொண்டு 1937இல் எழுந்த ‘ஜனசக்தி’ விளம்பரதாரரை நம்பிப் பிறந்ததல்ல. உழைப்பாளிகளை நம்பிப் பிறந்தது.

ஆகவே நாம் கோருவது இதுதான்: சர்க்கார் விளம்பரம் பெறும் ஒவ்வொரு பத்திரிகையும், தணிக்கையான விற்பனையையும் விளம்பர வருமானத்தையும் தன் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். எண்ணிக்கை முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. காசு கொடுத்து வாங்கும் வாசகனுக்கும் தெரிய வேண்டும்.

நமது கணக்கும் திறந்த கணக்காக இருக்கட்டும். விற்காத பிரதியை விற்றதாக எழுதாதீர்கள். உண்மையான ஒரு சந்தா, பொய்யான நூறு பிரதிகளைவிட மேல். அந்த ஒரு சந்தாவைத் தேடி இன்றே புறப்படுவோம்!