செத்த காதலும் வாழ்ந்த காதலும்



படக்காட்சி முடிந்த கையோடு காதலைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி இளைஞர் தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கின்றார்கள். எதையும் ஏன், எதற்கு என்று கேட்கின்ற கூட்டத்தாராகிய நமக்குக் காதலைப்பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். காதல் என்பது கடவுள் போட்ட முடிச்சு, முன்ஜென்மத்து உறவு, விட்டகுறை தொட்டகுறை என்று சொல்லப்படுமானால், அதில் நமக்குச் சிறிதும் நம்பிக்கை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். ஆனால், அறிவு வந்த இருவர் ஒருவரையொருவர் தாமே தெரிந்தெடுத்துக்கொண்டு, அதன் பொருட்டு வரும் கஷ்டங்களையும் சேர்ந்தே தாங்கி நிற்பதற்குக் காதல் என்று பெயரிருக்குமானால், அதில் நமக்கு நம்பிக்கை உண்டு. இந்த நம்பிக்கையை எந்தக் கதை வளர்க்கின்றது, எந்தக் கதை கெடுக்கின்றது என்பதே நாம் யோசிக்கவேண்டிய விஷயமாகும்.

உலகம் கொண்டாடுகின்ற காதற் கதைகளைப் பாருங்கள். ரோமியோவும் ஜூலியத்தும் செத்தார்கள். லைலாவும் மஜ்னுவும் செத்தார்கள். அம்பிகாபதி வெட்டுண்டான், அமராவதியும் உயிரை விட்டாள். சாகாத காதலர்களுக்குக் காவியமில்லை போலும்! இதன் இரகசியம் என்ன? செத்த காதலர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. அவர்கள் நம் தெருவில் குடிவர மாட்டார்கள்; நம் பந்தியில் உட்கார மாட்டார்கள்; குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொத்தில் பங்கு கேட்க வரமாட்டார்கள். ஆகவேதான், கொட்டகையில் அவர்களுக்காகக் கண்ணீர் விட்டவர், வீட்டுக்கு வந்து தம் மகளின் கடிதம் ஒன்று கைக்கு அகப்பட்டால் அரிவாளைத் தேடுகின்றார்!

1937-ல் வந்த ‘அம்பிகாபதி’ படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். இங்கே சாதியையும் அந்தஸ்தையும் தாண்டிய காதலை அவர் படம் பிடித்த காலத்தில் அவருடைய தேசத்தின் யோக்கியதை என்ன? 1934 முதல் கண்டிப்பாக அமுலுக்கு வந்த ஹாலிவுட் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வெள்ளையரும் கறுப்பரும் கலந்து உறவாடுவதைத் திரையில் காட்டக்கூடாது. 1956 வரையில் அந்த விதி இருந்தது. திரையில் மாத்திரமல்ல, பல மாகாணங்களில் சட்டமும் அப்படியே இருந்தது. அவற்றுள் ஒன்றாகிய விர்ஜினியாவில் உண்மையாகவே நடந்த சங்கதிதான் நாம் இப்பொழுது பார்த்த ‘லவ்விங்’ என்ற 2016-ம் வருஷத்துப் படம்.

ரிச்சர்ட் லவ்விங் ஒரு வெள்ளைக்காரக் கொத்தனார். மில்ட்ரெட் கறுப்பரும் அமெரிக்கப் பூர்வகுடியினருமான முன்னோர் வழிவந்த பெண். விர்ஜினியாச் சட்டம் இடங்கொடாமையால், 1958 ஜூன் மாதம் தலைநகராகிய வாஷிங்டனுக்குப் போய்ச் சட்டப்படி மணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஐந்து வாரம் கழித்து, நடுநிசியில், போலீஸ் தலைவர் ஆட்களுடன் அவர்கள் படுக்கையறைக்குள் புகுந்து, விளக்கை முகத்தில் அடித்து, இந்தப் பெண் யார் என்று கேட்டார். மனைவி என்று பதில் சொல்லி, சுவரில் மாட்டியிருந்த விவாகச் சான்றிதழைக் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்று சொல்லிக் கைது செய்துகொண்டு போனார். 1959 ஜனவரியில் இருவருக்கும் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 25 வருஷம் இருவரும் சேர்ந்து விர்ஜினியாவில் தலைகாட்டாமல் இருப்பதானால் சிறை நிறுத்திவைக்கப்படும் என்பது நிபந்தனை. கொலை செய்தார்களா? கொள்ளையடித்தார்களா? கலியாணம் செய்துகொண்டார்கள்!

இன்னும் கேளுங்கள். 1965-ல் இவர்கள் முறையீட்டைத் தள்ளிய அதே நீதிபதி, கடவுள் மனித இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், ஆதலால் அவை கலப்பது அவருக்குச் சம்மதமல்ல என்று எழுதினார். நாம் கேட்கின்றோம்: கடவுள் வைத்த இடத்தில்தான் இருக்கவேண்டுமென்றால், வெள்ளைக்கார நீதிபதிக்கு அமெரிக்காவில் என்ன வேலை? ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்பரைச் சங்கிலி போட்டுக் கப்பலேற்றி வந்தது யார்? கப்பல் விடும்போது கடவுள் குறுக்கே நிற்கவில்லை. கலியாணம் என்றவுடன் மாத்திரம் எழுந்து வந்துவிட்டார்!

மில்ட்ரெட் அழுது சாகவில்லை. 1963-ல் தேச சட்ட மந்திரியாகிய ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக இரண்டு இளம் வக்கீல்கள் கிடைத்தார்கள். உச்சநீதிமன்றத்தில் விவாதம் நடந்த நாளில் தம்பதிகள் அங்கே போகவுமில்லை. ரிச்சர்ட் வக்கீலிடம் சொல்லியனுப்பியதெல்லாம், தாம் தம் மனைவியை நேசிப்பதாகவும், அவளோடு சொந்த ஊரில் வாழ முடியாதது நியாயமல்ல என்பதாகவும்தான். 1967 ஜூன் 12-ந் தேதி நீதிபதிகள் அனைவரும் ஒரே அபிப்பிராயமாய்த் தீர்ப்புச் சொன்னார்கள். அத்துடன், அப்பொழுது அத்தகைய சட்டம் வைத்திருந்த 16 மாகாணங்களிலும் அது செல்லாததாயிற்று. ரிச்சர்ட் தம் ஊரிலேயே தம் கையால் வீடு கட்டினார். 1975-ல் கார் விபத்தில் அவர் இறந்த பின்பும், 2008-ல் தாம் இறக்கும் வரையில் மறுமணமின்றி மில்ட்ரெட் அங்கேயே வாழ்ந்தார்.

இது ஒரு தேசத்துச் சங்கதி மாத்திரமல்ல. பெச்சுவானாலாந்தில் பட்டத்துக்குரிய செரெட்சே காமா, லண்டனில் குமாஸ்தா வேலை பார்த்த ரூத் வில்லியம்ஸ் என்னும் வெள்ளைப் பெண்ணை 1948-ல் மணந்தார். தேவாலயம் கைவிடவே, பதிவு அலுவலகத்தில் மணம் நடந்தது. தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் மனம் கோணாதிருக்கப் பிரிட்டிஷ் சர்க்கார் அவரைத் தம் நாட்டுக்குள் விடாமல் தடுத்தது. பட்டத்துரிமையைத் துறந்த பின்பே 1956-ல் ஊர் திரும்ப முடிந்தது. 1966-ல் அந்நாடு போட்ஸ்வானா என்று சுதந்திரமடைந்தபோது முதல் குடியரசுத் தலைவர் அவரே. இந்தக் கதையும் 2016-ல் படமாக வந்திருக்கின்றது.

இந்த இரண்டு கதைகளிலும் விதி இல்லை, தெய்வச் செயல் இல்லை. தெரிந்தெடுத்த இருவரின் பிடிவாதமும், ஒரு கடிதமும், துணை நின்ற சிலரும், பல வருஷத்துப் பொறுமையுந்தான் இருக்கின்றன. மற்றப் படங்கள் மாலை மாற்றியவுடன் “சுபம்” போட்டுவிடுகின்றன. இவற்றிலோ மாலை மாற்றிய பிறகுதான் கதையே தொடங்குகின்றது. ஆகவேதான் இவை காதலின்மேல் நமக்கு நம்பிக்கையைப் புதுப்பிக்கின்றன.

“உங்கள் கலியாணம் செல்லாது” என்ற சொல் நமக்கும் புதியதல்ல. புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று நம் சட்டசபை சட்டம் செய்ததும் அதே 1967-ல்தான். ஆனால் தோழர்களே! சட்டம் வழி திறந்துவிடும். வாசற்கதவைத் திறக்கவேண்டியவர்கள் நாம். திரையில் மில்ட்ரெட்டுக்காக இன்று கண் கலங்கியவர்கள் இங்கு அநேகர். நாளைக்கு உங்கள் மகனோ மகளோ வேறு சாதியில் ஒருவரைக் கைப்பிடித்து வாசலில் வந்து நிற்பார்களானால், அந்தப் போலீஸ் தலைவரைப்போல் விளக்கை முகத்தில் அடித்து “இது யார்” என்று கேட்கப்போகின்றீர்களா, அல்லது உள்ளே வரச்சொல்லிச் சாப்பாடு போடப்போகின்றீர்களா? இன்று சிந்திய கண்ணீர் உண்மையானதா, பொய்யானதா என்பதை அன்றைக்குத்தான் நாம் தெரிந்துகொள்ள முடியும் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.