விழப் பழகும் பிள்ளைகள்

பெரிய மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் தொழிலாளியைக் கவனித்திருப்பீர்கள். முழங்காலை மடக்கி, மூட்டைக்குக் கீழே முதுகைக் கொடுத்து, பாரத்தை இடுப்பில் வாங்கிக்கொண்டு நிமிர்வார். கைபலம் அதில் கொஞ்சம்தான். ஜூடோவில் எதிராளியைத் தோளுக்கு மேலாகப் புரட்டிப் போடும் 'செயோய் நாகே' வீச்சுக்கும் இதே கணக்குதான். பாரத்துக்குக் கீழே புகுந்துவிட்டால், ஒல்லிப் பிள்ளையும் தன்னைவிடப் பெரிய ஆளைத் தூக்கிவிடும்.

ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோவும் சின்ன உடம்புக்காரர்தான். பள்ளியில் வலுத்த பையன்களிடம் அடிபட்டவர். ஜூஜுட்சு என்ற பழைய சண்டைக் கலையின் ஆசான்களிடம் கற்றார். சண்டைப் பயிற்சியிலிருந்து ஆபத்தான அடிகளை விலக்கினார். 1882-இல், தமது 21-ஆம் வயதில், டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். அடிப்படையில் அவர் ஒரு கல்வியாளர். பிள்ளைகளின் படிப்பில் ஒரு பங்காகவே இதை நினைத்தார்.

அதைப் புரிந்துகொண்டவர் தாகூர். 1929-இல் ஷின்சோ தகாகாகி என்ற ஜப்பானிய ஆசானைத் தமது சாந்திநிகேதன் பள்ளிக்கு வரவழைத்தார். அங்கே பெண் பிள்ளைகளும் பயின்றார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோவுக்குப் பதக்கம் வந்ததோ 1992-இல்தான்! இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

நம் புதுச்சேரிக்கு நெருக்கமான பிரான்சுக்கும் ஜூடோவில் பங்குண்டு. மஞ்சள், பச்சை, நீலம் என்று பிள்ளைகள் ஆசையாகக் கட்டும் பெல்ட் வரிசை, பாரிசில் கற்றுக்கொடுத்த கவாய்ஷி என்ற ஆசானால்தான் பரவலானது. நம் ஊரில் அரவிந்தர் ஆசிரமத்துப் பிள்ளைகளின் உடற்பயிற்சியிலும் ஜூடோ உண்டு.

2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் கபில் பர்மார் வெண்கலம் வென்றார். மின்சாரம் தாக்கிப் பார்வை குறைந்தவர். தேநீர்க் கடையிலும் உழைத்தவர். இந்தியாவுக்கு ஜூடோவில் கிடைத்த முதல் பாராலிம்பிக் பதக்கம் அது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு வகுப்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள். புதிதாக வந்தவர்களுக்கு முதலில் விழத்தான் பழக்க வேண்டும்: தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கும், தலை தரையில் படாது, விழும் அதே நொடியில் கை பாயை 'பட்'டென்று அறையும். இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, நல்ல மெத்தையும் விரித்திருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். வந்த அன்றே தூக்கி எறியச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால், வேறு இடம் பாருங்கள்.