விக்ரோளியும் வடாளாவும்: இடப்பெயர் ஆராய்ச்சி மாநாட்டுத் தலைமை உரை



இடப்பெயர்களை ஆராயும் இம்மாநாட்டைக் காட்கோபரிலே கூட்டுவதென்று தீர்மானித்து, அதன் தலைமைப் பொறுப்பை என்னிடம் ஒப்புவித்த அன்பர்களுக்கு என் வந்தனம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கும், தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்து குடியேறிய நம்மவர்கள், தலைமுறை தலைமுறையாக இப்பம்பாய் நகரத்து ஊர்ப்பெயர்களை நாள்தோறும் நாவிலே வழங்கிவந்தும், அப்பெயர்களுக்கு உரிய மண்ணின் மக்கள் அவற்றை எவ்வாறு உச்சரிக்கிறார்கள் என்று செவிசாய்த்துக் கேட்டது மிகச் சொற்பம். இன்று நான் விண்ணப்பித்துக்கொள்ள விரும்புவது அதுவே.

இங்கிருந்து தாணே மார்க்கமாகச் செல்லும் ரயில் வண்டி அடுத்தபடி நிற்கும் நிலையத்தின் பெயர்ப்பலகையைச் சற்றே நிதானித்துப் பாருங்கள். தேவநாகரியில் எழுதிய அப்பெயரின் ஈற்றெழுத்து, இந்தியில் வழங்காததும் மராத்தியர் தம் மொழிக்கு இன்றியமையாததாகப் போற்றுவதுமான ளகரம். ஆகவே அவ்வூர் விக்ரோளி. அதே பலகையின் ஆங்கில வரியில் ளகரத்தைக் காட்ட எழுத்தில்லாமையால் அது லகரமாகிவிட்டது. அதுவுமன்றி, மராத்தியர் உச்சரிக்காத மூச்சொலி ஒன்றும் ககரத்தோடு சேர்ந்துகொண்டது. நாமோ மேல்வரியைப் படியாமல் ஆங்கில வரியையே பார்த்து, கல்யாணப் பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் 'விக்ரோலி' என்று எழுதிவருகிறோம்.

இது ஓர் ஊரோடு நிற்கவில்லை. மராத்தியர் வடாளா என்பதை வடாலா என்கிறோம். வரளி என்பதை ஒர்லி என்கிறோம். பரள் என்பது பரேல் ஆயிற்று. பாய்க்களா என்பது பைகுல்லா ஆயிற்று. சிஞ்ச்போக்களி என்பது சிஞ்ச்போக்லி ஆயிற்று. இவை ஐந்திலும் ளகரம் உண்டு. ஐந்திலும் நாம் அதனை இழந்தோம். நாவை மடித்து மேலண்ணத்தைத் தடவும் அவ்வொலி ஆங்கிலேயருக்கு இல்லை. கங்கைச் சமவெளியிலிருந்து வந்த தொழிலாளருக்கும் பெரும்பாலும் பழக்கமில்லை. 'பள்ளி' என்றும் 'வெள்ளி' என்றும் பாலப்பருவத்திலேயே சொல்லிப் பழகிய தமிழருக்கு அதிலே யாதொரு பிரயாசையும் இல்லை. இந்நகரத்திற்கு வந்து சேர்ந்த பல்வேறு பாஷையினருள் மராத்தியரின் ஊர்ப்பெயர்களைப் பிழையின்றி எழுதவும் சொல்லவும் இயற்கையாகவே தகுதி பெற்ற நாமே, அந்நியன் எழுத்துக்கு அடங்கி நம் எழுத்தைக் கைவிட்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இங்கே இருவகை வேறுபாடுகளைப் பிரித்துணர வேண்டும். காட்கோபரின் முதலொலியையும் தாராவியின் முதலொலியையும் உள்ளபடி காட்டத் தமிழில் எழுத்தில்லை. வடசொற்களை ஏற்குமிடத்து வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதுவதற்குத் தொல்காப்பியர் காலத்திலேயே விதி ஏற்பட்டிருக்கிறது; அவ்விதிப்படி நடப்பதில் குற்றமில்லை. எழுத்து இருந்தும் எழுதாமை வேறு விஷயம். இம்மாநாடு கவனிக்கவேண்டியது அந்த இரண்டாவது வகையையே.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்து தேசத்தில், கேலிக் மொழியும் ஸ்காட்ஸ் மொழியும் ஈன்ற ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தைக் கொண்டு படிக்கப் புகுகிறவன் அடிக்கடி தடுமாறுகிறான். கிளாஸ்கோவுக்கு வடக்கேயுள்ள ஓர் ஊரின் பெயரை எழுத்துக் கூட்டி 'மில்ங்கேவி' என்று படிப்பவனை அவ்வூரார் 'மல்கை' என்று திருத்துவார்கள். பழைய ஸ்காட்ஸ் ஏடுகளிலே 'யோக்' என்றொரு எழுத்து இருந்தது. அச்சுக்கோப்பவர்களிடம் அதற்குரிய அச்சு இல்லாமையால், வடிவிலே ஒத்திருந்த ஆங்கில 'இசட்' எழுத்தை அவர்கள் அவ்விடத்தில் வைத்தார்கள். அதனால்தான் 'மென்ஸீஸ்' என்று படிக்கத் தோன்றும் குலப்பெயர் அந்நாட்டார் வாயிலே 'மிங்கிஸ்' என்றும், 'கல்சீன்' என்று தோன்றும் கோட்டை 'கலேன்' என்றும் ஒலிக்கின்றன. நம் ழகரத்திற்கும் அதே 'இசட்' எழுத்தை 'எச்' எழுத்தோடு கூட்டி எழுதி, ஆலப்புழையை வடநாட்டார் வாயில் 'ஆலப்புஸா' ஆக்கிய சரித்திரம் இதனோடு எவ்வளவு நெருங்கிய உறவுடையது!

இன்னொரு தொடர்பும் உண்டு. இந்திய ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் ஒரே சீராக எழுதுவதற்கு ஒரு முறையை நிலைநாட்டி, 1881-ல் இம்பீரியல் கெஜட்டியரை வெளியிட்ட வில்லியம் வில்சன் ஹண்டர், 1840-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அதற்கு முன்பு அவரவர் மனம்போனபடி எழுதிவந்த குழப்பத்தை அவர் ஒருவாறு தீர்த்தார். அந்த உபகாரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பல்லொலியையும் நாமடி ஒலியையும் அம்முறை நடைமுறையிலே பிரித்துக் காட்டாமையால், லகரமும் ளகரமும் ஒன்றாயின.

உச்சரிப்பு கெட்டால் வேரும் மறைந்துபோகும். வடாளாவில் 'வட்' என்பது ஆலமரம். ஆலங்குடி, ஆலங்காடு என்று பெயரிட்ட நமக்கு அது புதிதன்று. சிஞ்ச்போக்களியில் 'சிஞ்ச்' என்பது புளி. புளியங்குடிக்காரர் அந்நிலையத்தில் இறங்கும்போது தம் ஊருக்குச் சொந்தமான மரத்தடியிலேதான் இறங்குகிறார். பரளுக்குப் பாதிரி மரத்தோடு சம்பந்தம் காட்டுவோரும் உளர். அது மெய்யாயின் திருப்பாதிரிப்புலியூருக்கும் அதற்கும் ஒரே மரம். நாம் 'சயான்' என்று வழங்கும் ஊரை மராத்தியர் 'சீவ்' என்பர். எல்லை என்பது அதன் பொருள். பம்பாய்த் தீவு முடிந்து சாஷ்டித் தீவு தொடங்கும் எல்லை அங்கேதான் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அக்குன்றின்மேல் கோட்டை கட்டியதும் அது எல்லையாக இருந்த காரணத்தினாலேயே. 'சயான்' என்ற ஒலியில் அந்தச் சரித்திரத்தில் ஓர் எழுத்தேனும் மிஞ்சவில்லை.

வேர் தேடும் ஆர்வம் நம்மை வழிதவறச் செய்வதும் உண்டு. செம்பூர் என்று எழுதியவுடன் 'செம்மை' என்றும் 'ஊர்' என்றும் பிரித்து, அது பழந்தமிழ்ப் பெயரென்று சாதிக்கத் துணிவோரை நான் கண்டிருக்கிறேன். மராத்தியரோ அப்பெயரைச் 'சிம்போரி' என்னும் பெருநண்டோடும், அண்டையிலுள்ள குர்லாவைக் 'குர்லி' என்னும் நண்டோடும் இணைத்துச் சொல்வார்கள். உப்பங்கழி சூழ்ந்த அந்நிலத்திற்கு அது பொருந்தாததன்று. 1946-ல் 'ஊரும் பேரும்' என்ற நூலை நமக்குத் தந்த ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் கல்வெட்டையும் இலக்கியத்தையும் சான்றாக வைத்துப் பேசினார்கள். ஒலியொற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு பேசுவது அவர்கள் வகுத்த வழிக்கு விரோதமானது.

அரசாங்க உத்தரவினால் மட்டும் ஊர்ப்பெயர்களின் எழுத்தைத் திருத்தும் காரியம் நிறைவேறாது என்பதற்கு 2020-ஆம் ஆண்டு சாட்சி. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தமைப்பைத் தமிழ் ஒலிக்கு இணங்க மாற்றி வெளியிட்டதும், கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வகுத்த புதிய எழுத்துக்கூட்டலைக் கண்டு ஜனங்கள் ஆட்சேபித்ததும், சில தினங்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டதும் நீங்கள் அறிந்தவை. நோக்கம் உயர்ந்தது, ஆயினும் ரோமன் எழுத்தைத் தமிழ் ஒலிக்குப் பணிய வைக்க முயல்வது கடினமான காரியம். மராத்திப் பெயரைத் தமிழில் எழுதுவதற்கோ நடுவே ரோமன் எழுத்து வேண்டியதே இல்லை.

ஆகவே இம்மாநாட்டின் முன் ஒரு வேலையை வைக்கிறேன். மத்திய ரயில்வேயிலும் துறைமுக வழியிலும் மேற்கு ரயில்வேயிலும் உள்ள நிலையங்களின் பெயர்களை, தேவநாகரிப் பலகையை ஆதாரமாகக் கொண்டு, தாராவி கோளிவாடாவிலும் வரளி கோளிவாடாவிலும் பரம்பரையாக வாழும் கோளி மக்கள் சொல்லக் கேட்டு ஒத்துப்பார்த்து, தமிழில் எழுதும் ஓர் அட்டவணையை நாம் தயாரிக்கவேண்டும். கோளி என்ற அம்மக்களின் பெயரிலும் ளகரமே உண்டு. 'கோலி' என்று எழுதும் வழக்கத்தை அவ்வட்டவணையின் முதல் வரியிலேயே நீக்கிவிடலாம். அதனை இந்நகரத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கும், பத்திரிகை அச்சிடும் அச்சகங்களுக்கும் நாமே கொண்டு சேர்க்கவேண்டும். ஐயத்திற்கிடமான பெயர்களை இன்று பிற்பகல் அமர்வில் விவாதிக்கலாம். மராத்தி அறிஞர்களும் நம்மோடு அமர இசைந்திருப்பது பெரும் பாக்கியம்.

மாநாட்டைத் தொடங்கிவைத்து, முதற் கட்டுரையை வாசிக்குமாறு அதன் ஆசிரியரை அழைக்கிறேன்.