காலா, பாதமா?



ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள கார்ல்ஸ்ரூஹே. அங்கே ஒரு முதியவர் மருத்துவமனைக்கு வந்து, "ஃபூஸ் வலிக்கிறது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புத்தக ஜெர்மன் மட்டும் படித்த டாக்டர் பாதத்தைப் பார்ப்பார். அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கிலோ ஃபூஸ் என்றால் முழுக்காலாகவும் இருக்கலாம், நம் தமிழில் 'கால்' என்பது போல. நோயாளியின் கட்டிலருகே நின்றால்தான் இதெல்லாம் பிடிபடும்.

எம்.பி.பி.எஸ். முடித்து, சிறப்பு மருத்துவப் பயிற்சிக்காக ஜெர்மனிக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் 'ஹோஸ்பிடட்சியோன்' செய்யத்தான் வேண்டுமா? ஒரு துறையில் சில நாளோ சில வாரமோ, பெரும்பாலும் சம்பளமில்லாமல், கூட நின்று கவனிப்பதற்கு அங்கே அதுதான் பெயர்.

நம் ஊரில் நீட் பி.ஜி. மதிப்பெண்ணும் கலந்தாய்வும் இடத்தை முடிவுசெய்துவிடும். ஜெர்மனியில் அப்படிப் பொதுத்தேர்வு கிடையாது. மருத்துவமனைக்கு நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். துறைத் தலைவர் பார்த்துப் பேசி எடுத்துக்கொள்வார். அங்கே படிக்கும் மாணவர்கள் கடைசி ஆண்டில் 48 வாரம், மூன்று பகுதிகளாக, மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள். ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மருத்துவமனையான கார்ல்ஸ்ரூஹே நகராட்சி மருத்துவமனையிலும் அது நடக்கிறது. அந்த மாணவர்களின் முகம் துறைத் தலைவருக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வருபவரைக் காகிதத்தில்தான் தெரியும்.

ஆகவே, போய்ப் பாருங்கள் என்பதே என் பதில். ஆனால் மொழியில் பி2 நிலையாவது எட்டிய பிறகு போங்கள். காது திறக்காமல் போனால் கைப்பணம்தான் கரையும். பல ஊர்களில் சான்றிதழ் சேர்ப்பதைவிட, உண்மையிலேயே வேலை செய்ய விரும்பும் ஒரே இடத்தில் இரண்டு வாரம் இருப்பது மேல். மருத்துவ உரிமம் இல்லாமல் நீங்களாகச் சிகிச்சை தர முடியாது. கேட்கலாம், கவனிக்கலாம். உரிமத்துக்கான மருத்துவ மொழித் தேர்வு என்பது 20 நிமிடம் நோயாளியோடு பேச்சு, 20 நிமிடம் எழுத்து, 20 நிமிடம் சக டாக்டரோடு உரையாடல். அந்த மூன்றும் வார்டில் தினமும் கண்ணெதிரே நடக்கின்றன.

இன்னொன்றையும் விசாரியுங்கள். பொது மருத்துவத்துக்குக் குறைந்தது 5 ஆண்டு, அறுவை மருத்துவத்துக்கு 6 ஆண்டு பயிற்சி வேண்டும். துறைத் தலைவருக்கு அத்தனை ஆண்டுக்கும் பயிற்றுவிக்கும் அனுமதி இருக்கிறதா? இல்லையென்றால் நடுவில் வேறு மருத்துவமனை தேட நேரிடும். இரவுப் பணியில் புதியவர் கூப்பிட்டால் மூத்தவர் வருகிறாரா? அங்கே வேலை செய்பவர்களிடமே கேளுங்கள்.

உரிமமும் நல்ல ஜெர்மனும் கையில் உள்ளவர்கள் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். நேர்காணலோடு ஒரு நாள் வார்டைப் பார்க்கக் கேட்டாலே போதும்.

மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். அந்த முதியவர் "ஃபூஸ்" என்றதும், "எந்த இடம் ஐயா, தொட்டுக் காட்டுங்கள்" என்று அவர் மொழியில் கேட்கும் துணிவு வரட்டும். பிறகு விண்ணப்பத்தை எழுதுங்கள்.