இடறும் இடத்தைச் சொல்லுங்கள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணினி மென்பொருளை ஆக்குவோருக்கும் அதனைக் கையாளுவோருக்கும் உள்ள உறவு பற்றிச் சில கூற விரும்புகின்றோம். நம் இளைஞருட் சிலர் அதனை ஆக்கப் பயில்கின்றனர். பெரியோர் பலர் கையாளுகின்றனர். ஆதலின் இஃது இரு சாராருக்கும் உரியது.

பந்தியில் விருந்தினரிடம் "கறி எப்படி?" என்று கேட்டால் "நன்று" என்றே விடை வரும். உண்மையறிய வேண்டின், அவர் எழுந்து சென்றபின் இலையைப் பார்த்தல் வேண்டும். மென்பொருட் சோதனையும் அத்தகையதே. "பிடித்ததா?" என்று வினவுவது சோதனையன்று. ஒரு வேலையைக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, உதவாது அருகிருந்து பார்ப்பதே சோதனை.

ஆப்பிள் நிறுவனம் 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட லிசா என்னும் கணினி உருவாகி வந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒரு செயலை உறுதிசெய்யும் பொத்தானில் 'செய்' எனப் பொருள்படும் 'டூ இட்' என்ற இரு ஆங்கிலச் சொற்களைப் பொறித்திருந்தனர். சோதனையிற் சிலர் அதனை விடுத்து, 'நீக்கு' என்னும் பொத்தானையே அழுத்தினர். காரணம் விளங்கவில்லை. ஈற்றில் ஒருவர் முகஞ்சுளிக்கக் கண்டு வினவியபோது, "நான் மடையனல்லன், இது ஏன் என்னை மடையன் என்கின்றது?" என்றார். சொல்லிடைவெளி அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. எழுத்தின் வடிவமும் மயக்கந் தந்தது. இரு சொற்களும் மடையனைக் குறிக்கும் 'டோல்ட்' என்னும் ஒரு சொல்லாகத் தோன்றிவிட்டன! பின்னர் அங்கே 'ஓகே' என்று பொறித்தனர்.

"கையாளுவோர் கவனமற்றவர்" என்றோ, "பொத்தான் சரியில்லை" என்றோ மட்டும் எழுதியிருப்பின் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. அவர் வாய்ச்சொல்லே அதனைக் காட்டிற்று.

ஆகவே சோதித்தோர், கொடுத்த வேலை யாது, எவ்விடத்தில் தடைப்பட்டார், அப்போது என்ன சொன்னார் என்பவற்றை முதலிற் கூறுக. எத்தனை பேரில் எத்தனை பேர் தடைப்பட்டனர் என்பதையும் சேர்க்க. வேலையையே நிறுத்திய குறை முன்னே நிற்க; சிறு குறை பின்னே வருக. எளிதாய் முடிந்தவற்றையும் மறவாது குறிப்பிடுக. தீர்ப்புக் கூறின் ஆக்கியோன் மனம் நோவான். கண்டதைக் கூறின் அவனும் நம்முடன் சேர்ந்து காண்பான். 2005 ஆம் ஆண்டில் நொவெல் நிறுவனம் லினக்ஸ் மென்பொருளை ஆக்குவோர் பார்க்கும்படி, சோதனைக் காட்சிகளின் ஒளிப்பதிவுகளையே வெளியிட்டது. பிறர் இடறுவதைக் கண்ணாற் கண்டவன் வாதாட மாட்டான்.

இளைஞர்களே, "அவருக்குத் தெரியவில்லை" என்று ஒதுக்காதீர்கள். சோதிக்கப்படுவது மென்பொருள், மனிதரல்லர்.

பெரியோர்களே, கணினியின் முன்னே தடுமாறும்போது "இந்த வயதில் எமக்கு இது ஏறாது" என்று எழுந்துவிடுகின்றீர்கள். அங்ஙனம் எழுந்துவிட்டால் குறை உங்களோடு மறைந்துபோம். அடுத்து வருபவரும் அவ்விடத்திலேயே இடறுவார். நின்ற இடத்தைச் சுட்டிக் காட்டுங்கள். அதுவே நீங்கள் செய்யும் பேருதவி.