செங்கல் வைத்துச் செய்த சீஸ்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "சீஸ் சுத்த சைவம்தானா?" என்பது. ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் இல்லை. ஒரு சீஸ் உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பதில் தானே விளங்கும்.

விஸ்கான்சின் மாநிலத்தின் 'பிரிக்' சீஸை எடுத்துக்கொள்வோம். பிரிக் என்றால் செங்கல். அந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் கோதுமைதான் முக்கியப் பயிர். மண் வளம் குன்றி, பூச்சியும் தாக்கவே, விவசாயிகள் கறவை மாடுகளுக்கு மாறினார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் சீஸ் செய்யும் வித்தையைக் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான் ஜோஸி, கடும் வாசனையுள்ள லிம்பர்கர் சீஸ் செய்து பழகியவர். அதைவிட ஈரம் குறைந்த, கெட்டியான ஒன்றை 1877-இல் உருவாக்கினார். தண்ணீர் வடிய, அச்சுகளின் மேல் பாரமாகச் செங்கற்களை வைத்தார். கட்டியின் வடிவமும் செங்கல் போன்றதே.

நம் தயிர் உறைவது புளிப்பினால். சீஸுக்குப் புளிப்பேற்றும் பாக்டீரியாவோடு, ரென்னெட் என்ற நொதியையும் சேர்க்கிறார்கள். அது பாலிலுள்ள கேசின் புரதத்தின் ஒரு பகுதியை வெட்டிவிடுவதால் பால் கெட்டியாக உறைகிறது. அதைத் துண்டுகளாக்கி, தெளிநீரை வடித்து, அச்சிலிட்டு, பாரம் வைத்து, உப்பு நீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு ஈரமான அறையில் வைத்து, மேற்புறத்தில் வேறொரு பாக்டீரியா கலந்த நீரைத் தடவுகிறார்கள். பிரிக்கின் தனி மணம் இதனால் வருவது.

தெரேசா என்ற சிற்றூரில் விட்மர் குடும்பத்தினர் 1922-இல் தொடங்கிய தொழிற்கூடத்தில் இன்றும் செங்கல் வைத்தே செய்கிறார்கள். குடும்பப் பற்றுதலோடு அரசும் பல்கலைக்கழகமும் துணை நின்றன. பாலில் எவ்வளவு கொழுப்பு என்று கண்டறியும் எளிய சோதனையை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பாப்காக் 1890-இல் வெளியிட்டார். பாலில் தண்ணீர் கலப்பவர்களின் குட்டு வெளிப்பட்டது. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை! அம்மாநிலத்தில் சீஸ் செய்ய உரிமம் வேண்டும். பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு 'மாஸ்டர்' பட்டப் பயிற்சியும் 1994 முதல் உண்டு.

இனி நம் கேள்விக்கு வருவோம். பாரம்பரிய ரென்னெட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. கன்றைக் கொன்றால்தான் கிடைக்கும். கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் செலுத்தி அதே நொதியைத் தயாரிக்கும் முறைக்கு அமெரிக்க அரசு 1990-இல் அனுமதி தந்தது. இன்று அங்கே பெரும்பாலான சீஸ் இவ்வகை நொதியால் ஆனது. இதற்காகக் கன்று எதுவும் கொல்லப்படுவதில்லை. ஆனால் மரபணுவின் மூலம் கன்றுதான். ஏற்பதா வேண்டாமா என்பதை அவரவர் மனசாட்சி தீர்மானிக்கட்டும்.

நம் நாட்டைப் போல் அங்கே பச்சைப் புள்ளி கட்டாயமில்லை. உறையில் 'என்சைம்ஸ்' என்று மட்டும் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 'வெஜிடேரியன் ரென்னெட்' அல்லது 'மைக்ரோபியல்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். பேரன் பேத்திகளுக்கும் அதைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.