துடிப்புக்கு முன்னாடி வர்ற பை
திருப்புல்லாணி ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில்ல பிள்ளை வரம் வேண்டி பாயசப் பிரசாதம் சாப்பிடுவாங்க. நானும் மனைவியும் சாப்பிட்டோம். கொஞ்ச மாசத்துல நல்ல சேதி. ஆனா அவசரப்பட்டு 5½ வாரத்துலயே ஸ்கேன் எடுத்துட்டோம். ‘யோக் சாக் தெரியுது, இதயத் துடிப்பு தெரியல’னு ரிப்போர்ட். ராத்திரி முழுக்க கூகுள்தான்.

யோக் சாக்ங்கிறது கருவோட ஒட்டியிருக்கிற குட்டிப் பை. நஞ்சுக்கொடி தயாராகுற வரைக்கும் கருவுக்கு ஊட்டம் போக இது உதவுது. முதல் ரத்த அணுக்கள் உருவாகுறதும் இங்கதான். பெரும்பாலும் 6 மி.மீ.க்குள்ள இருக்கும். ஸ்கேன்ல முதல்ல இது தெரியும், துடிப்பு அப்புறம்தான்.

“கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. 2 வாரம் கழிச்சு வாங்க”ன்னாங்க டாக்டர். போனோம். துடிச்சுது.

எல்லாருக்கும் இப்படியே முடியும்னு சொல்லல. ஒரே ஸ்கேனை வச்சு முடிவு கட்டாதீங்க. வலியோ ரத்தப்போக்கோ இருந்தா மட்டும் காத்திருக்காம உடனே போங்க.